போரில் சிக்கிய ஒரு பண்ணை மாளிகைக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எப்படி

வாஷிங்டனுக்கு வரும் நம்மவர்கள் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தை ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். கென்னடி சமாதியில் எரியும் தீபத்தைப் பார்ப்பது, பெயர் தெரியாத வீரன் சமாதியில் காவல் மாறுவதைப் பார்ப்பது, அதோடு கால் வலி வந்துவிடும், வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். கென்னடி சமாதிக்கு நேர் மேலே, மேட்டில், பருத்த தூண்களோடு மஞ்சளாக நிற்கும் மாளிகையைக் கேட்டால் "அது ராபர்ட் ஈ. லீயோட வீடு, உள்நாட்டுப் போர்ல தோத்த ஜெனரல்" என்று யாராவது சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. லீ அங்கே குடியிருந்தார், ஆனால் ஒருநாளும் அந்த வீடு அவர் பெயரில் இருந்ததில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65, பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கு அரசுக்கும் நடந்தது) மாட்டிக்கொண்ட பண்ணை மாளிகைகள் தென் மாநிலங்களில் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் வழிகாட்டி ஒருவர் ஜெனரல்களைப் பற்றியும் சண்டையைப் பற்றியும் மணிக்கணக்கில் சொல்வார். சண்டை சில மணி நேரம், சில நாள். அதற்கு முன் அறுபது வருடம் அந்த நிலத்தில் யார் உழைத்தார்கள், போர் முடிந்ததும் அவர்கள் எங்கே போனார்கள் என்பது வாய்க்கதையில் அவ்வளவாக வராது, காகிதத்தில்தான் இருக்கும். அதனால் என் சிபாரிசு, நாம் நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதே மாதிரி அந்த வீட்டுக்கும் போட்டுப் பாருங்கள். கை மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு தாள் எழுதப்பட்டிருக்கும், அந்தத் தாளில் ஜெனரலைத் தவிர மற்றவர்களும் இருப்பார்கள். ஆர்லிங்டனையே உதாரணமாக வைத்து எப்படி என்று சொல்கிறேன். முக்கால்வாசி வேலையை வீட்டிலிருந்தே, காசு செலவில்லாமல் செய்யலாம்.

முதலில் ஊர்ப் பெயர்

இது சின்ன விஷயம், ஆனால் இதில் கோட்டை விட்டால் தேடல் முழுக்க வீண். ஆர்லிங்டன் கவுண்டி (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்ற பெயரே 1920-ல்தான் வந்தது. அதற்கு முன் அது வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா கவுண்டி. இன்னும் பின்னால் போனால், 1801 முதல் 1840-கள் வரை அந்த நிலம் வாஷிங்டன் தலைநகர் மாவட்டத்துக்குள் இருந்தது, 1846-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு வர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுத்தது. ஆக ஒரே மேட்டுக்கு மூன்று விலாசம். எந்தப் பண்ணை வீட்டை எடுத்தாலும், அந்த வருடத்தில் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் பத்திரமோ மக்கள்தொகைக் கணக்கோ தேட வேண்டும்.

கட்டியது யார், யார் கையால்

நிலம் 1,100 ஏக்கர். ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன் ஜான் பார்க் கஸ்டிஸ் 1778-ல் வாங்கியது. அவர் மகன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸை வாஷிங்டன் தம்பதி தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். தன்னை வளர்த்த தாத்தாவுக்கு நினைவுச்சின்னம் மாதிரி இருக்கட்டும் என்று அவர் 1802-ல் கட்ட ஆரம்பித்து, 1818-ல்தான் முடித்தார். இரண்டு பக்கச் சிறகுகள் முதலில் எழுந்தன, தூண்கள் உள்ள நடுப்பகுதி கடைசியில் வந்தது.

அங்கே போனால் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து பளிங்கு மாதிரி தெரிவது உண்மையில் செங்கல். மேலே காரை பூசி, பளிங்கு ரேகை ஓடுவது போல வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் தலைநகரில் இருப்பவர்கள் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது, கிட்டே வருபவர்களை ஏமாற்ற முடியாது. அந்தச் செங்கல்லை அதே நிலத்துச் செம்மண்ணில் அறுத்துச் சுட்டவர்களும், போடோமாக் ஆற்றுக் கிளிஞ்சலை எரித்துச் சுண்ணாம்பு ஆக்கியவர்களும் கஸ்டிஸின் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். வாசலோடு திரும்பிவிடாமல் கொல்லைப்புறம் போங்கள், வடக்கிலும் தெற்கிலுமாக அவர்கள் குடியிருந்த கட்டடங்கள் இரண்டு நிற்கின்றன. தெற்குக் கட்டடத்தின் ஒரே அறையில் செலினா கிரே, கணவர் தார்ன்டன், எட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பேர் இருந்தார்கள். மாளிகையின் வரவேற்பறையைப் பார்த்துவிட்டு நேரே இந்த அறைக்கு வாருங்கள், இடையில் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

உயில்தான் சாவி

எந்தப் பண்ணை வீட்டுக்கும் நான் முதலில் தேடுவது உயிலும் அதோடு சேர்ந்து வரும் சொத்துப் பட்டியலும்தான். காரணம் இருக்கிறது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனித் தாள் உண்டு, ஆனால் அதில் சொந்தக்காரன் பெயர்தான் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிசையாக ஓடும், பெயர் கிடையாது. அதை மட்டும் பார்த்தால் "இத்தனை பேர்" என்று எண்ணிவிட்டு எழுந்துவிடுவீர்கள். ஆனால் சொந்தக்காரன் செத்தால் வாரிசுகளுக்குப் பிரித்தாக வேண்டும், பிரிக்க வேண்டுமென்றால் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும். மாடு, மேசை, கடிகாரம் என்று போகும் அதே பட்டியலில் மனிதர்கள் பெயரும் வரும். படிக்க வயிற்றைப் பிசையும், ஆனாலும் அந்த ஜனங்களுக்குப் பெயர் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

கஸ்டிஸ் 1857 அக்டோபரில் இறந்தார். வீடும் நிலமும் ஒரே மகள் மேரிக்கு, ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் பாத்தியத்தோடு. அவளுக்குப் பிறகு பேரன் கஸ்டிஸ் லீக்கு. பேத்திகள் நால்வருக்கும் தலா 10,000 டாலர். தன் மூன்று பண்ணைகளிலும் உள்ள அடிமைகள் அனைவருக்கும் ஐந்து வருடத்துக்குள் விடுதலை. மருமகன் ராபர்ட் லீக்கு ஆர்லிங்டனில் ஒரு பிடி மண்கூட இல்லை, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் வந்தது. ஆக "லீ வீடு" என்பது, மாமனார் வீட்டில் முப்பது வருடம் வந்து போய் இருந்த மாப்பிள்ளை பெயரை வீட்டுக்கே வைத்தது மாதிரி. (1972 முதல் அரசு வைத்திருக்கும் பெயரும் "ஆர்லிங்டன் ஹவுஸ், ராபர்ட் ஈ. லீ நினைவகம்" என்றுதான் இருக்கிறது.)

உயிலில் ஒரு சிக்கல். எஸ்டேட்டுக்குக் கடன் இருந்தது, பேத்திகளுக்குப் பணமும் தர வேண்டும். லீ அதைச் சமாளிக்க ஆட்களிடம் அதிகம் வேலை வாங்கினார், பலரை வெளியே வாடகைக்கு விட்டார், ஐந்து வருடத்துக்கு மேலும் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுக் கோர்ட்டுக்கும் போனார், கிடைக்கவில்லை. அவர்களோ கஸ்டிஸ் செத்ததுமே தங்களுக்கு விடுதலை என்றுதான் நம்பியிருந்தார்கள். 1859-ல் வெஸ்லி நாரிஸ், அவர் தங்கை மேரி, உறவினர் ஒருவர் என்று மூன்று பேர் தப்பி ஓடி மேரிலாந்தில் பிடிபட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து, ஆண்களுக்கு 50 அடி, தங்கைக்கு 20 அடி, அடித்த முதுகில் உப்புத் தண்ணீர். வெஸ்லி நாரிஸே 1866-ல் இதைச் சொல்லி, அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றில் அச்சாகியிருக்கிறது.

"ஒருத்தர் சொன்னா ஆச்சா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சாட்சி சொன்னவனின் எதிர்த்தரப்புக் காகிதத்தில் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். நாரிஸ் தன்னை அடித்த கான்ஸ்டபிளின் பெயரைச் சொல்கிறார். லீயின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில், ஓடிப்போனவர்களைப் பிடித்த வகையில் அதே பெயருள்ள ஆளுக்குப் பணம் கொடுத்த வரி இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக பொய் என்று லீயின் அபிமானிகள் ஒதுக்கிய விஷயத்தை அந்தச் செலவுக் கணக்கு நிமிர்த்தி வைத்தது. கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள், ஊருக்குக் காட்ட எழுதியது இல்லையே அது.

கடைசியில் 1862 டிசம்பர் 29-ல் லீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் "செலினா, தார்ன்டன் கிரே, அவர்களுடைய ஆறு பிள்ளைகள்" என்கிற மாதிரி குடும்பம் குடும்பமாகப் பெயர் வருகிறது. மேலே எட்டுப் பிள்ளைகள் என்றேன், இங்கே ஆறு. இப்படி முட்டும் இடத்தில் ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை வைக்காதீர்கள், இரண்டையும் குறித்துக்கொண்டு எந்த வருடத்துத் தாள் என்று பக்கத்தில் எழுதுங்கள், பிள்ளைகள் பிறப்பார்கள், பிரிவார்கள், இறப்பார்கள். எழுத்துக்கூட்டலும் மாறும், கிரே என்ற பெயரே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இன்னொரு வேடிக்கை, லீ அந்தக் கையெழுத்தைப் போட்டபோது ஆர்லிங்டன் ஒன்றரை வருடமாக வடக்கு ராணுவத்தின் கையில் இருந்தது.

போர் வந்த வழி

லீ 1861 ஏப்ரல் 20-ல் அமெரிக்க ராணுவத்திலிருந்து விலகும் கடிதத்தை இந்த வீட்டில் இருந்துதான் எழுதினார், இரண்டு நாளில் தென்தரப்புக்குக் கிளம்பியும் போனார். மே 24 விடிவதற்குள் வடக்குப் படை ஆற்றைத் தாண்டி மேட்டைப் பிடித்துவிட்டது. இங்கே சண்டை ஒன்றும் நடக்கவில்லை. தலைநகருக்கு நேர் எதிரே உயரமான இடம், அங்கே பீரங்கி வைத்தால் வெள்ளை மாளிகையே எட்டும், அதனால் விட்டு வைக்க மாட்டார்கள்.

வீட்டைக் காலி செய்த மேரி லீ சாவிக்கொத்தைக் கொடுத்தது செலினா கிரேயிடம். வாஷிங்டன் காலத்துப் பொருட்கள் காணாமல் போவதைக் கவனித்து, வடக்குப் படைத் தளபதி ஜெனரல் மெக்டவலிடம் போய்ச் சொன்னதும் அவர்தான். மீதியைத் தலைநகரில் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தினார்கள். இதை "விசுவாசமான பணிப்பெண்" கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. விடுதலை வரப்போகிறது என்று தெரிந்த ஒரு பெண், தன் குடும்பம் குடியிருக்கும் இடத்தில் படை வந்து உட்கார்ந்தபோது எதற்காக எதைச் செய்தாள் என்று அவள் வாயால் நம்மிடம் ஒன்றும் இல்லாதபோது, செய்த காரியத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துங்கள்.

இந்தக் கட்டத்துக்குப் படங்கள் கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் ஆர்லிங்டன் என்று போட்டால், 1864 ஜூன் 28-ல் ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த படம் வரும், தூண்களுக்கு முன்னால் சிப்பாய்கள் நிற்பார்கள். பெரிய கோப்பாக இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள், இலவசம்தான். ஆனால் படத்துக்குப் பின்னால் யார் என்ன எழுதினாலும் நம்பிவிட வேண்டாம். 2014-ல் இங்கிலாந்திலிருந்து ஈபேயில் ஒரு பழைய படம் ஏலத்துக்கு வந்தது, செலினா கிரேயும் இரண்டு குழந்தைகளும். மாளிகையைப் பராமரிக்கும் தேசியப் பூங்காத் துறையினர் அடையாளம் கண்டு, ஆதரவாளர் குழு வாங்கிக் கொடுத்தது. அதன் பின்புறம் "ஜெனரல் லீயின் அடிமைகள்" என்று எழுதியிருக்கிறது. உயிலைப் படித்தவர்களுக்குத் தெரியும், லீயுடையவர்கள் இல்லை என்று.

வரி, ஏலம், வழக்கு

1862-ல் வடக்கு அரசு, கலகம் செய்த பகுதிகளில் நேரடி வரி வசூலிக்கச் சட்டம் போட்டது. ஆர்லிங்டனுக்கு விழுந்த வரி 92 டாலர் 7 சென்ட். நடக்கவே சிரமப்படும் மேரி லீ போர்முனைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்தனுப்பினார், "உடைமைக்காரர் நேரில் வந்தால்தான் வாங்குவோம்" என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1864 ஜனவரி 11-ல் ஏலம், 26,800 டாலருக்கு அரசே எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே 13-ல் பென்சில்வேனியாப் படையைச் சேர்ந்த வில்லியம் கிறிஸ்ட்மன் என்ற சிப்பாயை அங்கே புதைத்தார்கள், அதுதான் முதல் ராணுவக் கல்லறை. வடக்கு ராணுவத்தின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் (தளவாடம், பொருள் எல்லாம் பார்க்கும் தலைமை அதிகாரி) மாண்ட்கோமரி மெய்க்ஸ், லீ குடும்பம் திரும்பி வந்து குடியேறவே கூடாது என்று வீட்டை ஒட்டிய பூந்தோட்டம் வரைக்கும் கல்லறைகளைக் கொண்டுவந்தார். 1866-ல் தோட்டத்துப் பக்கமே ஒரு பெரிய குழியில் அடையாளம் தெரியாத 2,111 வீரர்களின் எலும்புகளை வைத்து மூடினார்கள். அந்தக் கல் இப்போதும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

பேரன் கஸ்டிஸ் லீ (இவரும் தென்தரப்பில் ஜெனரல்தான்) வழக்குப் போட்டார். 1882 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, வரியை வாங்க மறுத்துவிட்டு ஏலம் விட்டது செல்லாது என்று. கல்லறைகளைத் தோண்டி எடுக்கவா முடியும், 1883-ல் 1,50,000 டாலர் வாங்கிக்கொண்டு அரசுக்கே விற்றுவிட்டார். "ஐக்கிய அமெரிக்கா எதிர் லீ" (ஆங்கிலத்தில் United States v. Lee) என்று தேடினால் தீர்ப்பு முழுசாக வரும். நீளமாக இருக்கும், ஆனால் முன் பகுதியில் நிலம் கை மாறிய கதை வரிசையாக இருக்கும், பிற்பகுதியில் அரசு அதிகாரி மேல் வழக்குப் போடலாமா என்ற சட்ட வாதம், அதைத் தள்ளிவிடலாம்.

இதே ஏலத்தில் இன்னொரு குடும்பமும் நிலத்தை இழந்தது, அது பெரும்பாலான சுற்றுலாப் பேச்சில் வருவதே இல்லை. மரியா கார்ட்டர் சைஃபக்ஸ், கஸ்டிஸுக்கும் அவர் வீட்டில் அடிமையாக இருந்த அரியானா கார்ட்டருக்கும் பிறந்தவர். 1821-ல் மாளிகையின் வரவேற்பறையிலேயே சார்ல்ஸ் சைஃபக்ஸோடு திருமணம், பிறகு விடுதலை, கூடவே 17 ஏக்கர். ஆனால் அந்த 17 ஏக்கருக்குப் பத்திரம் எழுதித் தரவில்லை. வாய்ச்சொல்லில் கொடுத்த நிலம், ஏலத்தில் மொத்தத்தோடு போய்விட்டது. 1866-ல் நாடாளுமன்றமே அவருக்காகத் தனிச் சட்டம் போட்டு அதை மீட்டுக் கொடுத்தது. லீ குடும்பத்துக்குத் தீர்ப்பு வருவதற்கு 16 வருடம் முன்பே இது முடிந்துவிட்டது. இங்கே ஒரு குறிப்பு, பதிவு அலுவலகத்தில் பத்திரம் இல்லையென்றால் நிலமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், நாடாளுமன்றத்தின் தனிநபர் நிவாரணச் சட்டங்களையும் ஒரு தடவை புரட்டுங்கள்.

போருக்குப் பின் யார் எங்கே

1863 டிசம்பரில் ஆர்லிங்டன் நிலத்தின் தென்பகுதியில் விடுதலையானவர்களுக்கென்று ஃப்ரீட்மென்ஸ் வில்லேஜ் என்ற ஊரை அரசு அமைத்தது. தற்காலிக முகாமாகத் தொடங்கியது 1900 வரை நின்றது. பள்ளி, ஆஸ்பத்திரி, தேவாலயம் எல்லாம் இருந்தன, அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தும் கொஞ்ச காலம் அங்கே வேலை செய்திருக்கிறார். இதற்கான தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஃப்ரீட்மென்ஸ் பீரோ (விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த துறை) பதிவுகளில் இருக்கின்றன, ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகவே பார்க்கலாம். அதோடு 1870 மக்கள்தொகைக் கணக்கையும் பிடியுங்கள், தெற்கில் விடுதலையான பெரும்பாலோர் முதல்முறை முழுப் பெயரோடு வருவது அதில்தான்.

கல்லறைத் தோட்டத்தின் 27-ம் பகுதிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். மாளிகையிலிருந்து வடகிழக்கு ஓரத்துக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும், கூட்டம் இருக்காது. முதல் சிப்பாய் கிறிஸ்ட்மனின் கல் அங்கேதான். அதைத் தாண்டி வரிசைகளில் பெயருக்குக் கீழே "சிட்டிசன்" அல்லது "சிவிலியன்" என்று மட்டும் வெட்டிய கற்கள் வரும், பதவியோ படைப்பிரிவோ இருக்காது. விடுதலையாகி வந்து இறந்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள், 3,800 பேருக்கு மேல். "யு.எஸ்.சி.டி." என்று இருந்தால் வடக்குக்காகச் சண்டை போட்ட கறுப்பினப் படை வீரர். கல்லைப் படம் எடுக்கும்போது பக்கவாட்டில் வெயில் விழும் காலை நேரமாக இருந்தால் தேய்ந்த எழுத்து தெளிவாக வரும்.

ஜேம்ஸ் பார்க்ஸ் 15-ம் பகுதியில் இருக்கிறார். ஆர்லிங்டனில் அடிமையாகப் பிறந்து, அந்த முதல் கல்லறைகளைத் தோண்டியவர்களில் ஒருவர். 1925-ல் மாளிகையைப் போருக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவர நாடாளுமன்றம் சொன்னபோது, எது எங்கே இருந்தது என்று தெரிந்த ஆள் வேண்டுமே. கிணறு, ஊற்று, பழைய பாதை, அடிமைகளின் கல்லறை, பனிக்கட்டி அறை எல்லாம் எங்கே என்று சொன்னது இவர். வீட்டுக்குள் எந்த அறையில் என்ன இருந்தது என்று சொன்னவர்கள் செலினா கிரேயின் மகள்கள். இன்று நீங்கள் பார்க்கும் வீடு அவர்கள் ஞாபகத்திலிருந்து எழுந்தது. 1929-ல் பார்க்ஸ் இறந்தபோது சிறப்பு அனுமதி வாங்கி அங்கேயே புதைத்தார்கள்.

போக விரும்புபவர்களுக்கு: மெட்ரோ நீல வழித்தடத்தில் ஆர்லிங்டன் செமெட்ரி நிலையம், நுழைவு இலவசம், பாதுகாப்புச் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கல்லறைத் தோட்டம் ராணுவத்தின் பொறுப்பு, மாளிகை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பு, இரண்டுக்கும் தனித்தனி நேரம், ஆகவே கிளம்புமுன் இரண்டு தளங்களையும் பாருங்கள். வயதான அப்பா அம்மாவோடு போனால் மேட்டுக்கு நடக்க வேண்டாம், உள்ளே ஓடும் சுற்றுலா வண்டிக்குக் கட்டணம் கட்டி ஏறிவிடுங்கள்.

வேறு வீட்டை எடுத்தாலும் வரிசை இதேதான். டென்னசியில் ஃப்ராங்க்ளின் ஊரில் கார்ன்டன் மாளிகை இருக்கிறது, 1864 நவம்பர் 30 சண்டைக்குப் பின் அது முழுக்க ஆஸ்பத்திரியாகி, தரைப்பலகையில் ரத்தக் கறை இன்னும் தெரிகிறது. எல்லோரும் அந்தக் கறையைத்தான் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் அதற்கு முன், மணப்பெண் கேரி மெக்காவாக்கோடு கல்யாணச் சீராக அனுப்பப்பட்ட மரியா ரெடிக் என்ற பெண்ணின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டுப் போங்கள். வடக்கை ஆதரித்த தெற்கத்திக்காரர்கள் ராணுவம் எடுத்துக்கொண்ட குதிரைக்கும் சோளத்துக்கும் நஷ்டஈடு கேட்டு 1871-க்குப் பின் கொடுத்த மனுக்களும் உண்டு, சதர்ன் கிளெய்ம்ஸ் கமிஷன் என்று தேட வேண்டும். அதில் விடுதலையானவர்களே சாட்சிக்கூண்டில் ஏறி யாரிடம் என்ன இருந்தது என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் தேடும் பண்ணை அந்தக் கவுண்டியில் இருந்தால் உடைமைக்காரர் பெயரில் மட்டும் தேடாமல், பக்கத்துப் பண்ணைக்காரர்களின் மனுக்களையும் திறந்து பாருங்கள், சாட்சிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான்.